கம் அங்கிள், பார்ட் டூ

ஸ்ரீரங்கம்,
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

வருங்கால டாக்டரம்மா ஸஹ்ராவுக்கு,

உன் ரஞ்சு கையெல்லாம் இங்க் பூசிக்கிட்டு எழுதுறது. எப்படிடீ இருக்க? ராசிபுரம் ஹாஸ்டல்ல போனை வாங்கி வச்சுடுவாங்கன்னு நீ சொன்னப்போ விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்ப உனக்கு ஒரு வாய்ஸ் நோட் போட முடியாம எனக்குத் தான் பைத்தியம் புடிக்குது. நீட் ரெண்டாவது தடவ எழுதுறவங்கன்னா என்ன, கைதியா? (வார்டன் சகாயம்மாள் மேடம், லெட்டரெல்லாம் நீங்க பிரிச்சுப் பார்ப்பீங்கன்னு ஸஹ்ரா சொன்னா. வணக்கம் மேடம். சும்மா ஜோக்.)

சரி, உட்கார்ந்துக்கோ. நம்ம பேஜ் வைரல்!!!

ஆமாடீ, நம்ம 'சத்திரம் ஹாரன்' தான்! இத்தனை நாளா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வெயில்ல காஞ்சு, ஒவ்வொரு பஸ்ஸும் உள்ள வர்றதை எடுத்து, ஸ்லோ மோஷன் போட்டு, மியூசிக் போட்டு விட்டா யாரு பார்ப்பா? நீ, நான், நாலு கண்டக்டர் அண்ணனுங்க. நேத்து ஞாயித்துக்கிழமை நம்ம தலைவி 'நீலவேணி' நாமக்கல் சர்வீஸை எடுக்க நின்னேன். புது பெயிண்ட் அடிச்சிருக்காங்கடீ, மயில் கழுத்து கலர்! ஹாரன் மட்டும் பழசு, அதான் கெத்து. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா ஃப்ரேம் ஓரத்துல ஒரு அங்கிள். பெஞ்சுல உட்கார்ந்து கம் மென்னுட்டு இருக்காரு. பஸ் உள்ள வருது. டக்குனு வாயிலேர்ந்து கம்மை எடுக்குறாரு, அந்தப் பக்கம் பார்க்குறாரு, இந்தப் பக்கம் பார்க்குறாரு, பெஞ்சுக்கு அடியில சப்புனு ஒட்டுறாரு! தலைக்கு மேலயே போர்டு இருக்கு, குப்பை போட்டா அபராதம்னு.

எனக்கு அந்த பெஞ்சுங்க மேல ஏற்கனவே கொலவெறி. என் மஞ்சள் சுடிதார் போச்சுல்ல. உட்கார்ந்து எந்திரிச்சா நூல் நூலா கூடவே வருது. ஐஸ் வச்சுத் தேச்சு, மண்ணெண்ணெய் வச்சுத் தேச்சு, கடைசில அம்மா அதைக் கரித்துணி ஆக்கிட்டாங்க.

அதனால பஸ்ஸையே வெட்டிட்டேன். அங்கிளை மட்டும் ஜூம் பண்ணி, போன் சைஸுக்கு ஒல்லியா வெட்டி, ஹீரோ வர்றப்போ போடுற மாதிரி டமடமன்னு மியூசிக். ஒட்டுற எடத்தை திருப்பித் திருப்பிக் காட்டி, ஸ்கிரீனே அதிருது. மேல "கம் அங்கிள் வராரு, பராக் பராக்!" காலைல பார்த்தா லட்சத்தைத் தாண்டிருச்சு! எங்க காலேஜ்ல சீனியர்ஸ் எல்லாம் வந்து பேசுறாங்கடீ!

உங்க அத்தா குவைத்துலேர்ந்து வந்துட்டாருன்னியே, உன்னைப் பார்க்க வந்தாரா? நான் தான் அவரை நேர்ல பார்த்ததே இல்ல. உங்க ஹால்ல மாட்டியிருக்கிற, குண்டா மீசையோட இருக்கிற போட்டோ தான் தெரியும்.

பயாலஜி படிக்கிற நேரம் போக மிச்சத்துல என்னை நினைக்கவும்.

உன்
ரஞ்சு (இனிமே செலிபிரிட்டி)


ராசிபுரம்,
12 ஆகஸ்ட் 2025

செலிபிரிட்டி மேடத்துக்கு, ஒரு சாதாரண கைதி ஸஹ்ராவோட ஸலாம்.

அடிப்பாவி, உன் லெட்டரை நான் ரூம்ல சத்தமா படிச்சேன். வையம்பட்டி மலர்க்கொடின்னு ஒருத்தி இருக்கா, சிரிச்சு சிரிச்சு கட்டில்லேர்ந்து உருண்டுட்டா. இப்ப யாரு பாத்ரூம் போனாலும் "பராக் பராக்"னு கத்திக்கிட்டே தான் போறாங்க. இந்த ஊர்ல நாங்க சிரிச்ச முதல் நாள் அது தான். வீடியோவைப் பார்க்க முடியலையேன்னு எல்லாருக்கும் அழுகையே வந்துடுச்சு. பார்ட் டூ போடு. அந்த ஆளை விடாத. பெரிய மனுஷனா இருந்துக்கிட்டு அசிங்கம் புடிச்ச வேலை.

அத்தா வந்தாங்கடீ! அதே ஞாயித்துக்கிழமை மத்தியானம். இங்க மாசத்துல முதல் ஞாயிறு தான் வீட்டுக்காரங்க பார்க்கலாம். கேட்டுல நின்னது யாருன்னு எனக்கே தெரியல. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச பிறகு பாதியா இளைச்சுட்டாங்க. மீசையை எடுத்துட்டு தாடி விட்டிருக்காங்க, அதுவும் வெள்ளை. நாமக்கல்ல பஸ் மாறி, கூட்டத்துல நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. நெய்ச்சோறு, பேரீச்சம்பழம், ஒரு தலகாணி. ஹாஸ்டல் தலகாணி கல்லு மாதிரி இருக்குன்னு அம்மாகிட்ட ஒரு தடவ தான் சொன்னேன்.

சிகரெட்டை விட்டுட்டாங்களாம். நான் நம்பல. கட்டிப்புடிச்சப்போ பார்த்தா நிஜமாவே அந்த நாத்தம் இல்ல, புதினா வாசம் தான் அடிச்சுச்சு. ரஞ்சு, எனக்கு நினைவு தெரிஞ்சு அத்தா என் ஸ்கூல் வாசலை மிதிச்சதே கிடையாது. லீவுல வருவாங்க, லீவு முடிஞ்சா போயிடுவாங்க. அன்னிக்கு வந்தவங்க, "இனி மாசா மாசம் நான் தான்மா வருவேன், அம்மாவை அனுப்ப மாட்டேன்"ன்னாங்க. நான் ஒண்ணுக்கும் அழ மாட்டேன்னு உனக்குத் தெரியும். அன்னிக்கு கெமிஸ்ட்ரி புக்கைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதேன்.

பார்ட் டூ மறக்காத.

உன்
ஸஹ்ரா


ஸ்ரீரங்கம்,
22 ஆகஸ்ட் 2025

அடியே ஸஹ்ரா,

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல! பார்ட் டூ போட்டாச்சு! உன் ஆர்டர் தான்!

முதல்ல போன் டார்ச்சை அடிச்சு பெஞ்சுக்கு அடியில எடுத்தேன். ஐயோ, வௌவால் தொங்குற குகை மாதிரிடீ, பச்சை, ரோஸ், கருப்பு, என்னென்னமோ கலர்ல கம்மு. அதுக்கப்புறம் தான் ட்விஸ்ட்டு. ஒரு ஃபாலோயர் பையன் அங்கிளை டீக்கடைல பார்த்துட்டு வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான். அங்கிள் கேமராவைப் பார்த்துட்டாரு. பையால முகத்தை மறைச்சுக்கிட்டு டீயைக்கூட குடிக்காம விறுவிறுன்னு ரோட்டைத் தாண்டுறாரு. அதுக்கு ஒரு காமெடி மியூசிக் போட்டேன். முதல் பார்ட்டை விட ஓடுது!

சத்திரமே மாறிப்போச்சு. பெட்டிக்கடைல கம் டப்பாவை உள்ள எடுத்து வச்சுட்டாங்க. மைக்குல வண்டி நேரம் சொல்றவரு நடுவுல "கம் மெல்லும் பயணிகள் கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சுடுறாரு. நீலவேணி கண்டக்டர் பாலு அண்ணன் படில நின்னுக்கிட்டு, "ஆ காட்டுங்க, கம் இருந்தா துப்பிட்டு ஏறுங்க"ங்கிறாரு. ஒரு அம்மா வெத்தலை போட்டுக்கிட்டு "இது கம் இல்லப்பா"ன்னு சண்டை! எல்லாம் நம்ம வீடியோவால!

ஒண்ணு மட்டும் ஒரு மாதிரி இருக்கு. கமெண்ட்ல அவர் தாடியைப் பார்த்துட்டு கம் அங்கிளை 'கம் பாய்'னு மாத்திட்டானுங்க. அதுக்கு மேலயும் என்னென்னமோ எழுதுறானுங்க, உனக்குச் சொல்ல வாய் வரல. ரொம்ப மோசமானதை அழிச்சேன். எல்லாத்தையும் அழிச்சா வீடியோ ஓடுறது நின்னுடும்னு மிச்சத்தை விட்டுட்டேன். நீ ஒண்ணும் நினைச்சுக்காதடீ, சரியா?

எனக்கு உட்கார முடியல, நிக்க முடியல. நிமிஷத்துக்கு ஒரு தடவ போனைத் திறக்குறேன். சாப்பிடுறப்போ அம்மா தட்டைப் பிடுங்கிட்டாங்க, "போனையே தின்னு"ன்னு.

அத்தாவை ரொம்ப கேட்டதா சொல்லு.

ரஞ்சு


ராசிபுரம்,
9 செப்டம்பர் 2025

ரஞ்சு,

ஞாயித்துக்கிழமை அத்தா வரல.

காலைலயே குளிச்சு ரெடியாகி கேட்டுகிட்ட உட்கார்ந்துட்டேன். ஒவ்வொரு ஆட்டோவா பார்த்தேன். மலர்க்கொடி அவங்க வீட்டுப் பணியாரத்தை என் கையில வச்சா. எனக்கு எறங்கல. சாயங்காலம் ஹாஸ்டல் போன்ல அம்மாகிட்ட பேசக் குடுத்தாங்க, அஞ்சு நிமிஷம். "அத்தாவுக்கு என்ன?"ன்னா "ஒண்ணுமில்ல." "ஏன் வரல?"ன்னா "கொஞ்சம் அலைச்சல்." "போனைக் குடுங்க"ன்னா "தூங்குறாங்க." பின்னாடி அத்தா இருமுறது எனக்குக் கேக்குது, ரஞ்சு. வீட்டை விட்டு வெளிய போறதையே நிறுத்திட்டாங்களாம், தொழுகையும் வீட்டுலயே தானாம். அதை அம்மா வாய் தவறி சொல்லிட்டு உடனே பேச்சை மாத்திட்டாங்க.

மறுபடி நெஞ்சு வலி வந்திருக்கு, நான் படிக்கிறேன்னு மறைக்கிறாங்க. வேற என்னவா இருக்கும்? டெஸ்ட்ல கேள்வியைப் படிக்கிறேன், இதயத்துல எத்தனை அறைன்னு கேட்டிருக்கான், எனக்குப் பேப்பரே தெரியல.

நீ ஒரு தடவ எங்க புத்தூர் வீட்டுக்குப் போயிட்டு வா. சும்மா வந்த மாதிரி போ. நேர்ல பார்த்துட்டு உள்ளதை உள்ளபடி எழுது. நீ என்கிட்ட மறைக்க மாட்ட.

அப்புறம், அந்த கமெண்ட் விஷயம். நினைச்சுக்காதன்னு எழுதியிருந்த. நினைச்சேன். வேற ஒண்ணும் சொல்லல.

ஸஹ்ரா


ஸ்ரீரங்கம்,
15 செப்டம்பர் 2025

ஸஹ்ரா,

போனேன். அத்தாவுக்கு உடம்பு நல்லா இருக்கு. முதல்ல அதைப் படிச்சுக்கோ. நெஞ்சு வலியெல்லாம் இல்ல, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரு.

சகாயம்மாள் மேடம், இதுக்கு மேல நீங்க படிக்காதீங்க, ப்ளீஸ். இது ஸஹ்ராவுக்கு மட்டும்.

ஜஹானாரா ஆன்ட்டி கதவைத் திறந்தாங்க. "வாம்மா ரஞ்சனி, எங்க ஆளையே காணோம்?"னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. ஃபேனுக்குக் கீழ ஒருத்தர் பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. பேப்பரை இறக்கினாரு.

அந்த முகத்தை எனக்குத் தெரியும் ஸஹ்ரா. ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்தி நகர்த்தி வெட்டின முகம். எந்த இடத்துல கண்ணு சிமிட்டும்னு கூடத் தெரியும்.

கம் அங்கிள் உங்க அத்தா தான். எடுத்தது நான்.

அவருக்கு என்னைத் தெரியல. "இது தான் நம்ம பாப்பா சொல்ற பஸ் பைத்தியமா?"ன்னு சிரிச்சாரு. நான் உட்கார்ந்தேன். "ஏன் அங்கிள் ராசிபுரம் போகல?"ன்னு கேட்டேன். "போகணும்மா. சத்திரத்துக்குப் போனா பயலுவ போனைத் தூக்கிக்கிட்டு வர்றானுவ"ன்னாரு. ஆன்ட்டி "கார் புடிச்சுப் போங்கன்னு சொல்றேன், கேட்டா தானே?"ன்னாங்க. அதுக்கு அவரு, "கார்ல போனா? அங்க வர்ற அப்பா அம்மாகிட்டல்லாம் போன் இருக்காதா? இந்தாளா உங்க அத்தான்னு ஒரு புள்ள அவளைக் கேட்டா அவ எப்படி அங்க உட்கார்ந்து படிப்பா? அவளுக்கு இது தெரியவே கூடாது"ன்னாரு.

பேசிக்கிட்டே வாயிலேர்ந்து கம்மை எடுத்து பேப்பர்ல சுத்தி சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. சிகரெட் ஞாபகம் வந்தா மெல்லச் சொல்லி டாக்டர் குடுத்ததாம். நான் கேக்கல, அவராவே சொன்னாரு, "அன்னிக்குக் கை நிறைய சாமான், பஸ்ஸு வந்துடுச்சு, கேடுகெட்ட புத்தி, ஒட்டிட்டேன். குவைத்துல செஞ்சிருப்பேனா?"

பேரீச்சம்பழம் குடுத்தாரு. சாப்பிட்டேன்டீ. ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து வெட்டாத வீடியோவைத் திறந்தேன். பெஞ்சுல அவர் மடியில ஒரு தலகாணி. காலுக்கு நடுவுல தூக்குப் பாத்திரம், ரெண்டு பை. கம்மை ஒட்டிட்டு எல்லாத்தையும் வாரிக்கிட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடுறாரு. தலகாணி கீழ விழுது. நின்னு, எடுத்து, மண்ணைத் தட்டித் தட்டித் துடைச்சுட்டு, மறுபடி ஓடுறாரு. அவர் செஞ்சது தப்பு தான். ஆனா இதெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு தப்பை மட்டும் வச்சது நான்.

ரெண்டு வீடியோவையும் அழிச்சுட்டேன். பிரயோஜனம் இல்ல. யார் யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க. ஸ்டிக்கராவே ஆக்கிட்டாங்க. எங்க சித்தி எனக்கே அனுப்புறாங்க, "பார்த்தியாடீ இதை"ன்னு.

திட்டு. என்ன வேணா திட்டு. பதில் மட்டும் போடு.

ரஞ்சு


ஸ்ரீரங்கம்,
29 செப்டம்பர் 2025

ஸஹ்ராவுக்கு,

உன்கிட்டேர்ந்து லெட்டர் வரல. போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுறேன். அவர் என்னைப் பார்த்தாலே தூரத்துலேர்ந்தே கையை ஆட்டிடுறாரு, இல்லன்னு.

நான் கேமரா முன்னாடி நின்னு, தப்பு என்னோடது, அவரைப் பத்தி யாரும் பேசாதீங்கன்னு ஒரு வீடியோ போட்டேன். மியூசிக் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரும் பார்க்கல. பார்த்தவனுங்களும் "பார்ட் த்ரீ எப்ப?"ன்னு கேக்குறானுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவே புடிக்கல. நீலவேணி ஹாரன் தூரத்துல கேட்டாலே ஜன்னலைச் சாத்திடுறேன்.

நேத்து புத்தூர் போய் அத்தாகிட்ட சொல்லிட்டேன்.

"நீயா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆன்ட்டி தான் கிச்சன்லேர்ந்து வந்து, "எங்க வீட்டுல பெருநாளைக்குப் பெருநாள் சாப்பிட்ட புள்ள தானேடீ நீ"ன்னாங்க. நான் அழுதுட்டேன். "விடு ஜஹானா, தெரியாம செஞ்சிருக்கு, சின்னப் புள்ள"ன்னாரு அத்தா. அந்த நேரத்துல எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் அவர், "பாப்பாகிட்ட சொல்லிடாதம்மா"ன்னாரு. நான் பெருமையா, ஆமாடீ, பெருமையா தான், "இல்ல அங்கிள், நான் அவகிட்ட எதையும் மறைக்க மாட்டேன், அன்னிக்கே எழுதிட்டேன்"னேன்.

எந்திரிச்சுட்டாரு. "வீடியோ போட்டது தெரியாம செஞ்சது. இது? அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு தானே நான் இத்தனை நாளா வீட்டுக்குள்ள கெடக்குறேன்? உன்கிட்ட வாய் விட்டு சொன்னேனேம்மா"ன்னாரு. ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டாரு. ஆன்ட்டி என்னை வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. போயிட்டு வான்னு சொல்லல.

உன்கிட்ட சொன்னா சரியாயிடும்னு நினைச்சேன் ஸஹ்ரா. எனக்குத் தான் பாரம் எறங்குச்சு. அவருக்கு ஏறிடுச்சு.

வர்ற ஞாயிறு முதல் ஞாயிறு. அவர் வருவாரா மாட்டாரான்னு எனக்கு ராத்திரி பகல் இதே தான். வந்தாரான்னு மட்டுமாவது எழுது. ஒரு வரி போதும்.

ரஞ்சனி


ராசிபுரம்,
6 அக்டோபர் 2025

ரஞ்சனிக்கு,

உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு. முதல் லெட்டரை வார்டன் மேடம் பாதியோட மடிச்சுக் குடுத்துட்டாங்க, நீ கேட்டுக்கிட்ட மாதிரியே.

நேத்து அத்தா வந்தாங்க.

உள்ள வரல. கேட்டுக்கு எதிர்த்தாப்புல புங்க மரத்தடியில, மத்தவங்க வீட்டு ஆளுங்களை விட்டுத் தள்ளி நின்னாங்க. வாட்ச்மேன் கிட்ட சொல்லிட்டு நான் வெளிய ஓடினேன். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும். அதைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை பேசல, நானும் கேக்கல. மீன் வறுவல் கொண்டு வந்திருந்தாங்க. முள்ளு எடுத்து எடுத்து வச்சாங்க, நான் என்னமோ மூணாங்கிளாஸ் படிக்கிற மாதிரி.

சாப்பிட்டு முடிச்சதும் அத்தா கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போச்சு. அப்படியே நின்னுடுச்சு. கையை இறக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல நெத்தியெல்லாம் வேர்வை, காலை ஆட்டிக்கிட்டே இருக்காங்க. என் முன்னாடி கம்மை வாயில போட வெக்கம். நானே பாக்கெட்டுலேர்ந்து எடுத்து, பிரிச்சு, கையில குடுத்தேன். "வேணாம்மா, எல்லாரும் பார்க்குறாங்க"ன்னாங்க. "டாக்டர் குடுத்தது தானே, மெல்லுங்கத்தா"ன்னேன். மென்னாங்க. முடிச்சதும் நான் கையை நீட்டினேன். "ச்சீ, கையை எடும்மா"ன்னாங்க. எடுக்கல. பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க. வாங்கிட்டுப் போய் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற தொட்டியில போட்டுட்டு வந்தேன். அப்ப தான் அத்தா சிரிச்சாங்க.

இப்ப உன் விஷயம். பார்ட் டூ போடு, அந்த ஆளை விடாதன்னு எழுதினது நான். அசிங்கம் புடிச்ச வேலைன்னு எழுதினதும் நான். அவங்க கொண்டு வந்து குடுத்த தலகாணில சாஞ்சுக்கிட்டு எழுதினேன். அதனால உன்னைத் திட்ட எனக்கு வாய் வரல. ஆனா நீ ரீச் குறையும்னு விட்டு வச்சியே அந்த கமெண்ட்டு, அதை நான் விட்டு வைக்கச் சொல்லல. அதையும் இதையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்க எனக்கு இப்ப தெம்பு இல்ல. எனக்கு மே மாசம் பரிட்சை.

இனிமே எழுதாத. எழுதினா பிரிக்க மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன், பெட்டிக்குள்ள இருக்கும். புத்தூர் வீட்டுக்கும் போகாத.

அடுத்த மாசமும் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதே பஸ்ஸுல, சத்திரத்துலேர்ந்து. நீ அங்க இருந்தாலும் இருப்ப. அவங்களைப் பார்த்தா கிட்டப் போய் மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்காத. பையைத் தூக்குறேன்னு நிக்காத. அவங்க பாட்டுக்கு பஸ் ஏறட்டும்.

ஸஹ்ரா